எழுத்தம்மா பெட்டியை மூடுவதில்லை

அரங்கத்தின் மாடிப்படியை எழுத்தம்மா பக்கவாட்டில்தான் ஏறுவார். இரண்டு கைகளிலும் திறந்தபடியே லேப்டாப். அதன் மின்கம்பி தோளைச் சுற்றி வந்து முதுகில் வால் மாதிரித் தொங்கும். விளக்கு அறைச் சாவி பல்லிடுக்கில். கதவு குறுக்கே வந்தால் முதுகைக் கொடுத்துத் தள்ளுவார். எதிரே ஆள் வந்தால் அவர் நிற்கமாட்டார்; வருகிறவர்தான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். "கொதிக்கிற எண்ணெய் வருது, ஒதுங்குங்க ஒதுங்குங்க" என்று மேலேயிருந்து விளக்குக்காரர் குரல் கொடுப்பார். எழுத்தம்மாவுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பல்லில் சாவி இருக்கிறதே.

லேப்டாப் பெட்டியை அவர் மூடுவதே இல்லை. வீட்டிலிருந்து அரங்கத்துக்குச் சில தெருக்கள்தான். அந்தத் தூரத்தையும் திறந்த பெட்டியோடுதான் நடப்பார். தூறல் போட்டால் குடை பெட்டிக்கு, நனைவது இவர். முனைக்கடைக்காரர் ரொம்ப நாள் வரைக்கும் இவர் எதையோ விற்க வருகிறார் என்று நினைத்து, "இப்ப வேண்டாம்மா" என்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

"மூடினா தூங்கிடும். தூங்கினது எந்திரிக்கும்னு என்ன நிச்சயம்?" என்பார், யாராவது கேட்டால்.

அவருடைய வேலை மேடைக்கு மேலே தொங்குகிறது. நாடக அரங்கத்தில், திரைச்சீலைக்கு மேல், நீளவாக்கில் ஒரு கருப்புப் பலகை. நடிகர்கள் பேசப் பேச அந்தப் பேச்சு அதில் ஆரஞ்சு நிற எழுத்தாக வரும், காது கேளாதவர்கள் படிப்பதற்கு. அவர்களுக்கென்று மூன்றாவது வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள்; முதல் வரிசையில் உட்கார்ந்தால் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். பலகை வந்த புதிதில் அதை யார் ஓட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாடகப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "எல்லா வசனமும் அடிச்சவங்க நீங்கதான், இதையும் நீங்களே பாருங்க" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அன்றோடு சொந்தப் பெயர் போய் எழுத்தம்மா ஆகிவிட்டார். இப்போது அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

அரங்கத்தின் பின்சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், விளக்குக்காரருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. காதில் ஹெட்ஃபோன். வலது கை ஆள்காட்டி விரல் லேப்டாப்பின் ஒரு விசையின் மேல் இருக்கும். பழைய திரைச்சீலையிலிருந்து கத்தரித்த வெல்வெட் துண்டு ஒன்று அந்த விசையில் ஒட்டியிருக்கிறது, இருட்டிலும் விரல் இடம் தெரிந்து போய் உட்கார. அதை அழுத்தினால் ஒரு வரி மேலே போகும். மறுபடி அழுத்தினால் அடுத்த வரி. நாடகம் முழுக்க அவர் செய்வது அவ்வளவுதான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

எப்போது அழுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நடிகர் வாயைத் திறக்கிற அதே கணத்தில் எழுத்து விழ வேண்டும். பிந்தினால் மூன்றாவது வரிசை ஏமாறும், முந்தினால் நடிகர் ஏமாறுவார். முந்தினதற்கு ஒரு முறை மாமாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார். மாமா என்பது அரங்கத்தின் நகைச்சுவை நடிகர். மாமா வேஷமே போட்டுப் போட்டு அதுவே பட்டமாகிவிட்டது.

"எழுத்தம்மா, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க பலகை வாயைத் திறந்தா, அந்தச் சிரிப்பு யாருக்குச் சேரும்? பலகைக்கா? நாளைக்கு எனக்குப் பதிலா பலகைக்கு மீசை ஒட்டி நிறுத்தறதா உத்தேசமா?"

அதன் பிறகு எழுத்தம்மா முந்தியதே கிடையாது. மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அல்லது நல்ல பழக்கம்: நல்ல வசனத்துக்கு முன்னால் சும்மா நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. வாய் திறக்கும் முன் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் ஹெட்ஃபோனில் லேசாகக் கேட்கும். அதுவரை விரல் காத்திருக்கும்.

அந்த லேப்டாப்பில் படமோ பளபளப்போ கிடையாது. கருப்புத் திரையில் வெறும் எழுத்து. எடிட்டர் என்பார்கள், எழுதவும் திருத்தவும் என்றே ஏற்பட்ட நிரல். அதில் நாடகம் வரி வரியாக இருக்கும். வெல்வெட் விசையை அழுத்தினால், கர்சர் என்கிற மின்னும் கோடு நிற்கிற வரியை எடிட்டர் ஒரு குட்டி நிரலிடம் கொடுக்கும். அந்தக் குட்டி அதைப் பலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு எழுத்தம்மா வைத்த பெயர் தூதன். தூதனைக் காலையில் எடிட்டருக்குள்ளிருந்தே எழுத்தம்மா கிளப்பிவிடுவார். நாடகம் முடிகிற வரைக்கும் அவன் போவதும் வருவதுமாக இருப்பான். அவன் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கும்.

எடிட்டரை மூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒத்திகைக்கு ஒத்திகை வசனம் மாறும். வெட்டச் சொன்ன வரிகளை எழுத்தம்மா அழிப்பதில்லை. மடித்து மறைத்து வைப்பார். இன்று வேண்டாம் என்ற வசனத்தை நாளைக்கே எங்கே என்று கேட்பார்கள். ஆனால் மடிப்பெல்லாம் எடிட்டர் திறந்திருக்கும் வரைதான். மூடித் திறந்தால் எழுத்து பத்திரமாக இருக்கும், மடிப்பு மொத்தமும் விரிந்துவிடும்.

பலகை அரங்கத்தில் ஒன்று, ஒத்திகை அறையில் சின்னதாக, பச்சை எழுத்தோடு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. எந்த முகவரிக்குப் போவது என்று தூதனுக்குச் சொல்வது ஒரு சீட்டு. கணினிக்காரர்கள் அதைச் சூழல் மாறி என்கிறார்கள். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவே. எந்த நிரல் கிளம்பினாலும் இப்படிப்பட்ட சீட்டுகளின் நகல் அதன் பைக்குள் போகும். கிளம்பின பிறகு வெளியே இருக்கிற சீட்டை எத்தனை முறை மாற்றி எழுதினாலும், பைக்குள் போனது போனதுதான். அதனால் மற்றவர்கள் சீட்டை மாற்றினால் நிரலையும் மூடித் திறந்துவிடுவார்கள். எழுத்தம்மாதான் மூடமாட்டாரே. ஓடிக்கொண்டிருக்கிற எடிட்டருக்குள்ளேயே போய், அதன் பையில் இருக்கிற சீட்டை மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது. திரையின் அடிவரியில் பெயரைக் கேட்கும், மதிப்பைக் கேட்கும், முடிந்தது. ஒத்திகை அறையிலிருந்து அரங்கத்துக்கு வரும் நாட்களில் அவர் முதலில் செய்யும் காரியம் அதுதான். பிறகுதான் தூதனைக் கிளப்புவார்.

"ஊருக்குப் போன ஆளோட பையில, வீட்டு அலமாரியிலேருந்து துணி வைக்க முடியுமா?" என்பார். "ஆள் இருக்கற எடத்துக்குப் போய்த்தான் வைக்கணும்."

விளக்குக்காரர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். "என் வீட்டுக்காரியும் அப்படித்தான் எழுத்தம்மா. கல்யாணத்தப்ப நான் என்ன சொன்னேனோ அதையே பையில வெச்சுக்கிட்டிருக்கா. அப்புறம் நான் மாறினது எதையும் எடுத்துக்க மாட்டேங்கறா. அதுக்கு ஏதாவது கட்டளை இருக்கா?"

"நீங்க மாறினது அவங்களுக்குத் தெரியணும்ல அண்ணே, முதல்ல."

வீட்டில் அந்தப் பெட்டி சாப்பாட்டு மேசையின் நடுவில் உட்கார்ந்திருக்கும், திறந்தபடி. அங்கே அதற்கு வேறு வேலை. எழுத்தம்மாவின் அக்கா தையற்காரர். முன்னறையே அவருடைய கடை. ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் பழைய வேகத்திலேயே இருக்கிறது. எடிட்டரில் நாடகத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்கென்று ஒரு பக்கம் திறந்திருக்கும். தங்கை சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் அடிப்பார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஓரக்கண்ணால் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். அந்தப் பக்கத்தை எழுத்தம்மா சேமித்ததே இல்லை. பேசினதையெல்லாம் யாராவது எடுத்துவைப்பார்களா?

காது இருந்த காலத்தில் அக்காவின் சிரிப்பு அரங்கத்தில் பிரசித்தம். முதல் ஆளாக, பட்டாசு மாதிரி வெடிக்கும். மாமா திரைச்சீலை இடுக்கு வழியாகக் கூட்டத்தை எட்டிப் பார்த்து, "வந்திருக்காங்களா?" என்று கேட்பார். "அவங்க ஆரம்பிச்சாத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும்." காது போன பிறகு அக்கா ஒரே ஒரு தடவைதான் வந்தார். அப்போது பலகை கிடையாது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, எதற்குச் சிரித்தார்கள் என்று தங்கை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். இடைவேளையில் அக்கா எழுந்துகொண்டார்.

"ஆறிப்போன சிரிப்பை எனக்கு எதுக்குடி சூடு பண்ணித் தர்றே?"

வீட்டுக்குப் போனவர்தான். பலகை வந்த பிறகும் அசையவில்லை. "உன் போர்டு ஓடட்டும். நான் ஓடி வரமாட்டேன்" என்றார்.

புதிதாகப் போட்ட நாடகம்தான் அவரைக் கொஞ்சம் அசைத்தது. சொந்தக்காரர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காக, செத்த மாதிரி கட்டிலில் படுத்துக்கொள்ளும் ஒரு மாமாவின் கதை. சாப்பாட்டு மேசையில் எழுத்தம்மா பிழை திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார். கடைசிக் காட்சி வரைக்கும் வந்தாயிற்று. சொந்தக்காரர்கள் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பங்கு போட்டு முடித்து, மாமா படுத்திருக்கிற கட்டிலுக்கே சண்டை போடுகிறார்கள். போர்வை மெல்ல விலகுகிறது. மாமா தலையைத் தூக்குகிறார்.

"தூக்கி? என்ன சொல்றாரு?"

அந்த ஒரு வரியை மட்டும் எழுத்தம்மா மடித்து மறைத்திருந்தார். அக்காவின் பக்கத்துக்குப் போய் அடித்தார்: "வந்து பாரு."

அக்கா ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டம்னா வரேன். ஒரே ஒரு தடவை. மறுபடியும் நீ காகிதத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தே, அதோட சரி. அப்புறம் இந்த வீட்டுல நாடகப் பேச்சே இருக்கக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில், தேய்த்த உடையில், மடியில் கைப்பையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். காலையிலேயே ஒரு சோதனை வந்திருந்தது. மாமாவின் மனைவியாக நடிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் அவருடைய நீண்ட பேச்சுகளையெல்லாம் இயக்குநர் வெட்டச் சொல்லிவிட்டார். எழுத்தம்மா பக்கம் பக்கமாக மடித்தார். மறைத்து வைத்திருந்த அந்தக் கடைசி வரியை விரித்தார்.

விளக்கு அணைந்தது. எழுத்து விழ ஆரம்பித்தது. கண்ணாடி வழியாக எழுத்தம்மா பார்த்தது மேடையை அல்ல, ஒரு ஜோடித் தோளை. அக்கா சிரித்தார். தோள் குலுங்கியது. ஆனால் அரங்கம் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் குலுங்கியது. மூன்றாவது வரிசை முழுவதுமே அப்படித்தான், ஒரு மூச்சு பின்னால். கேட்பவர்களுக்குக் காதில் விழுந்தால் போதும். படிப்பவர்கள் படித்து முடிக்க வேண்டுமே. இத்தனை நாள் அது எழுத்தம்மாவின் கண்ணில் படவில்லை. அந்த வரிசையில் பார்ப்பதற்கென்று அவருக்குச் சொந்தத் தோள் எதுவும் இருந்ததில்லை.

மாமா சாவதாக முடிவெடுக்கும் காட்சியில் பலகை கண்ணை மூடிக்கொண்டது.

வெல்வெட் விசையை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. மேடையில் ஆட்கள் பேசிக்கொண்டே போனார்கள், அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு குனிந்துகொண்டார்கள். அக்கா குனியவில்லை. கருப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

இடைவேளை மணி அடித்ததும் விளக்குக்காரர் ஏணியோடு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஹெட்ஃபோனில் அவர் குரல் வந்தது. "உள்ள கருகிப் போச்சு எழுத்தம்மா. இது இன்னிக்கு எந்திரிக்காது. ஒத்திகை ரூம் பலகையைக் கழட்டிக்கிட்டு வரேன்."

அதற்குள் அக்கா மாடியேறி விளக்கு அறைக்கே வந்துவிட்டார். "என்னடி, உன் போர்டு செத்துப் போச்சா?"

எழுத்தம்மா அக்காவின் பக்கத்தைத் திறந்து அடித்தார்: "அது செத்துடுச்சு. வேற ஒண்ணு வருது."

"வரட்டும். நான் கிளம்பறேன். தைக்க ரெண்டு கோட்டு கிடக்கு. வாய் அசையறதை உக்காந்து பாக்கணும்னா வீட்டுல ஒரு மீன் தொட்டி வாங்கி வெச்சுக்கறேன், செலவு கம்மி."

"அக்கா, உட்காரு" என்று அடித்தார்.

அக்கா அதைப் படித்தார். படியிறங்கிப் போய்விட்டார். கீழே நடைவழியில் அவர் தலை தெரிகிறதா என்று எழுத்தம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

மேடைக்கு மேலே சின்னப் பலகை ஏறிவிட்டது. விளக்குக்காரர் மூச்சிரைக்க வந்து, எழுத்தம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, லேப்டாப்பில் வேறொரு ஜன்னலைத் திறந்து மடமடவென்று எதையோ அடித்தார். "சின்னப் பலகை அட்ரஸைப் போட்டாச்சு. அனுப்புங்க."

"எங்க போட்டீங்க?"

"பக்கத்து ஜன்னல்லதான்."

"அது வீட்டு அலமாரி அண்ணே. ஆள் ஊருக்குப் போயாச்சு."

விளக்குக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப இன்னிக்கு ஒரு நாள் மூடித் திறங்களேன்."

"மூடினா காலையில மடிச்சது பூரா விரிஞ்சுக்கும். யாரும் பேசாத பேச்சை எல்லாம் அவங்க உக்காந்து படிக்கணும்."

அவர் எடிட்டருக்குத் திரும்பினார். திரையின் அடிவரியில் கட்டளையைக் கொடுத்தார். பெயரைக் கேட்டது, கொடுத்தார். மதிப்பைக் கேட்டது, சின்னப் பலகையின் முகவரியை அடித்தார். சரியாகப் போயிருக்கிறதா என்று கேட்டார். எடிட்டர் புது முகவரியை அப்படியே திருப்பிச் சொன்னது. வெல்வெட் விசையை அழுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

கருப்பு.

மறுபடி அழுத்தினார். கருப்பு. முதல் மணி அடித்தது. வெளியே போனவர்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அக்கா உட்காரவில்லை. நடைவழியில், மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில், தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கண் பலகையில், ஒரு கண் வாசலில்.

"பலகை முழிச்சுக்கிட்டுதான் இருக்கு, ஓரத்துல பச்சை விளக்கு எரியுது பாருங்க" என்றார் விளக்குக்காரர். "அதுக்கு ஒண்ணும் வந்து சேரலை. கொண்டு போறவன் தூங்கறானா?"

எழுத்தம்மாவின் விரல் அப்படியே நின்றது.

"தூங்கலை" என்றார். "காலையிலேயே கிளம்பிட்டான்."

புதுச் சீட்டு எடிட்டரின் பையில் இருக்கிறது. தூதன் அந்தச் சீட்டு வருவதற்கு முன்பே, காலைச் சீட்டோடு வீட்டை விட்டுப் போனவன். அழுத்திய ஒவ்வொரு தடவையும் அவன் போய்க் கருகிப்போன பலகையின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். என்றைக்கும் சீட்டை மாற்றிவிட்டுத்தான் தூதனைக் கிளப்புவது அவர் வழக்கம். அவன் வெளியே இருக்கும்போது சீட்டு மாறுவது இதுதான் முதல் தடவை.

"ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கலை பாருங்க."

இரண்டாவது மணி அடித்தது. அக்கா வாசல் பக்கம் திரும்பினார். எழுத்தம்மா தூதனை நிறுத்தினார். அடுத்த கணம் மறுபடி கிளப்பினார், இந்த முறை புதுச் சீட்டோடு. கண்ணைப் பலகையிலிருந்து எடுக்காமல் வெல்வெட் விசையைக் குத்தினார்.

பலகை கண்ணைத் திறந்தது. மேடைக்கு மேலே, அரங்கம் முழுக்கப் பார்க்க, பச்சை நிறத்தில் ஒரு வரி எரிந்தது.

அக்கா, உட்காரு.

திரையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று எழுத்தம்மா பார்க்கவே இல்லை. கர்சர் அக்காவின் பக்கத்தில், கடைசியாகப் பேசின வரியில் நின்றிருந்தது. தூதன் கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

நடைவழியில் நின்றுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். தின்பண்டத்தோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரியம்மா யாரோ ஒருவருடைய மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அரங்கம் சிரிப்பில் ஆடியது. மூடியிருந்த திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் ஹெட்ஃபோனில் வந்தது.

"நான் மேடையிலயே இல்லை. யாரு அங்க சிரிக்க வெச்சது?"

"எழுத்தம்மா" என்றார் விளக்குக்காரர், அவ்வளவு பெருமையாக.

அக்கா பலகையைப் பார்த்தார். தன்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்ட பெண்களைப் பார்த்தார். பின்சுவர்க் கண்ணாடியைப் பார்த்து, விரலை ஆட்டி, 'வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்' என்று மிரட்டினார். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி முழுக்க ஒரு வரிகூடப் பிசகவில்லை. மடித்தது மடித்தபடியே இருந்தது. பச்சை எழுத்து நடிகர்களின் வாயோடு வாயாக விழுந்தது. தொண்டை கட்டிய நடிகையின் கரகரப்பு மற்ற வரிசைகளுக்குச் சரியாகப் புரியாமல் போன இடங்களில் அவர்களும் அண்ணாந்து பலகையைப் படித்தார்கள். விளக்குக்காரர் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் தன் தேநீரைப் பாதி ஊற்றி எழுத்தம்மாவுக்கு நீட்டினார். அவர் அதை இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை வெல்வெட்டை விட்டு நகரவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அந்த ஒரு வரியோடு நாடகம் முடிகிறது. பிறகு திரை விழ வேண்டியதுதான். சொந்தக்காரர்கள் கட்டிலின் நான்கு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். போர்வை அசைந்தது. ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். போர்வை விலகி மாமாவின் தலை எழுந்தது. அரங்கத்தில் எல்லார் கண்ணும் அந்த முகத்தில். மாமா தன் வழக்கப்படி சும்மா இருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. ஹெட்ஃபோனில் மூச்சு இழுபடும் சத்தம் இன்னும் வரவில்லை.

எழுத்தம்மா மூன்றாவது வரிசையின் ஓரத்தைப் பார்த்தார். அந்தத் தோள்கள் அசையாமல் இருந்தன. முகம் பலகையை நோக்கி நிமிர்ந்திருந்தது.

அவர் விரலை இறக்கினார்.

கட்டிலைத் தூக்கிட்டுப் போங்க. போர்வை மட்டும் இருக்கட்டும், குளிருது.

அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அமைதியில், மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு முதல் ஆளாக வெடித்தது. அதன் பின்னாலேயே அந்த வரிசை முழுவதும் சிரித்தது. மற்றவர்கள் எதற்கு என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் மாமா திறக்கப்போன வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். அடையாளம் தெரிந்துகொண்டவர் மாதிரி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது முடியட்டும் என்று காத்திருந்தார்.

"முந்திட்டீங்க" என்று கிசுகிசுத்தார் விளக்குக்காரர்.

எழுத்தம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் காதை அந்தப் பக்கம் சாய்த்தார்.